23-ஆம் சங்கீதத்தில் அச்சமும் முன்னிலையும்

அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கனைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துள்ளார். நான்கும் அஞ்சுவானுக்குப் புறத்தே நிற்பன. புறத்தே யாதும் தோன்றாதபோதும் உள்ளத்தைப் பற்றும் அச்சம் ஒன்று உண்டு. அதனை வெல்லும் நெறியை விவிலியத்தின் 23-ஆம் சங்கீதம் எங்ஙனம் அமைத்துள்ளது என்பதனை, அதன் தமிழ் வடிவத்தின் இலக்கண அமைதி கொண்டு ஈண்டு ஆராய்வோம். பவர் முதலியோர் திருத்த 1871-இல் வெளிவந்து இன்றும் வழங்கும் பாடமே இங்குக் கொள்ளப்பட்டது.

ஆறு வசனங்களாலாய இப்பாடலின் முதல் மூன்று வசனங்களில் இறைவன் படர்க்கையில் நிற்கிறான். இருண்ட பள்ளத்தாக்கு வரும் நான்காம் வசனத்தில் 'தேவரீர்' என முன்னிலை தோன்றுகிறது. இறைவனைப் பற்றிப் பேசியவன், அச்சம் நெருங்கிய இடத்தில் இறைவனோடு பேசத் தொடங்குகிறான். ஆறாம் வசனத்தில் மீண்டும் படர்க்கையே வருகிறது. இவ்விடமாற்றம் எபிரேய மூலத்திலும் உள்ளதாகலின், மொழிபெயர்த்தோர் செய்துகொண்டதன்று.

'பயப்படேன்' என்னும் முற்று தமிழுக்கு வாய்த்த நலம். எதிர்மறை முக்காலத்திற்கும் உரித்தாதலை நன்னூலார் குறித்துள்ளார். ஆயினும் அஞ்சுதற்குக் காரணமே இல்லை என்பது பாடலின் கருத்தன்று. 'நடந்தாலும்' என்னும் உம்மை பள்ளத்தாக்கு உண்மையை ஒப்புக்கொள்கிறது. ஐந்தாம் வசனத்தில் பந்தி அமைக்கப்படும்போதும் பகைவர் எதிரே இருக்கின்றனர். அச்சத்தின் காரணம் அகலாதிருக்க, அஞ்சியவனுக்குத் துணை வாய்த்தது, அவ்வளவே.

'மரண இருள்' எனப் பெயர்க்கப்பட்ட எபிரேயச் சொல்லைச் 'சாவின் நிழல்' எனப் பிரிப்பாரும், 'காரிருள்' என்றே கொள்வாரும் உளர். பின்னையோர் கருத்தின்படி அப்பள்ளத்தாக்கு சாக்காட்டிற்கு மட்டும் உரியதாகாது. எம் மாணவர் ஒருவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உருக்காலை ஒன்றில் இரவு முறை வேலை பார்த்துக்கொண்டே முதுகலை பயின்றார். உலையருகே செல்லுந்தோறும் இப்பாடலை மனத்துள் சொல்லிக்கொள்வாராம். "அச்சம் போகவில்லை, ஐயா; ஆனால் கால் நிற்காமல் நடக்கிறது" என்றார். உம்மைக்கு இதனினும் நல்ல உரையை யாம் கண்டிலம்.

அம்மாணவர் வாழ்ந்த திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ள திருவாலங்காடு வேறொரு நெறியைக் காட்டுகிறது. காரைக்காலம்மையார் தம் மூத்த திருப்பதிகத்தில் அவ்வூர்ச் சுடுகாட்டின் பேயையும் நரியையும் கூகையையும் கண் விலக்காது பாடுகிறார். ஆண்டு இறைவன் படர்க்கையிலேயே நிற்கிறான். அவனை முன்னிலைப்படுத்தித் துணை தேடும் நிலை அம்மையாருக்கு எழவில்லை. தம்மையே பேய் எனக் கூறிக்கொண்டவரை எந்த அணங்கு அச்சுறுத்தும்? சங்கீதக்காரன் பள்ளத்தாக்கைக் கடந்து செல்பவன். அம்மையார் சுடுகாட்டிலேயே தங்குபவர். விடியலில் வேலை முடிந்து வீடு திரும்ப வேண்டிய எம் மாணவர், கடந்து செல்பவன் பாட்டையே கைக்கொண்டது இயல்பு போலும்.