‘கரண்ட்’ வைக்கும் மெஷினுக்கு சர்டிபிகேட் தருவது எப்படி?

சிவகாசியில் ‘மருந்து’ என்றால் இரண்டு அர்த்தம். ஆஸ்பத்திரியில் தருவது ஒன்று. பட்டாசுக்குள் திணிப்பது இன்னொன்று. இரண்டாவது மருந்தோடு பழகிய ஊர்க்காரர்களுக்கு, இங்கே சொல்லப் போகிற விஷயம் சட்டென்று புரியும்.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தருவதை நம் பக்கம் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். விருதுநகர், சாத்தூர் பக்கமிருந்து பலர் இதற்காக மதுரைக்குப் போய் வருகிறார்கள். ‘‘எல்லாம் கம்ப்யூட்டராமே, அளவு கூடிப் போச்சுன்னா?’’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் அசட்டுக் கேள்வி என்று ஒதுக்காதீர்கள். அப்படி நடந்திருக்கிறது!

கனடாவில் தயாரான ‘தெராக்-25’ என்ற கதிர்வீச்சு மெஷின், 1985 ஜூனிலிருந்து 1987 ஜனவரிக்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் மேல் அளவுக்கு மீறிக் கதிரைக் கொட்டிவிட்டது. சிலர் இறந்தே போனார்கள். காரணம், மெஷினுக்குள் இருந்த புரோகிராம்.

1986 மார்ச்சில் டெக்ஸாஸின் டைலர் நகரில் நடந்ததைக் கேளுங்கள். ‘எலெக்ட்ரான்’ என்று கொடுக்க வேண்டிய இடத்தில் ‘எக்ஸ்ரே’ என்று டைப் செய்த ஆபரேட்டர், உடனே திருத்திவிட்டார். எக்ஸ்ரே முறையில் கதிர் பல மடங்கு வீரியமாகக் கிளம்பும். குறுக்கே ஒரு உலோகத் தடுப்பு நின்று அதைத் தணிக்கும். எட்டு விநாடிக்குள் திருத்தினால் புரோகிராம் அதைப் பாதிதான் கவனித்தது. தடுப்பு விலகிவிட்டது, வீரியம் குறையவில்லை. திரையில் மட்டும் எல்லாம் சரி! நோயாளியின் உடம்பில் பாய்ந்தது சுமார் நூறு மடங்கு.

கம்பெனிக்காரர்கள் சோதித்தபோது பிழை வரவே இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேகரும் ஆபரேட்டரும் விடாமல் டைப் செய்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். கை வேகமாக ஓடினால்தான் பிழை வரும். அதே மெஷினில் இன்னொரு பிழை. 256 தடவைக்கு ஒருமுறை ஒரு சரிபார்ப்பையே தாண்டிப் போய்விடும். ‘நிறைய தடவை ஓட்டிப் பார்த்தாச்சு’ என்பது இங்கே பதிலாகுமா?

பட்டாசு ஆலையில் ‘இவர் ரொம்ப கவனமான ஆள்’ என்று சொன்னால் நாக்பூர் லைசென்ஸ் கிடைக்காது. அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் இத்தனை இடைவெளி என்றுதான் கேட்பார்கள். ஒரு அறை வெடித்தாலும் அடுத்தது தப்ப வேண்டும். முந்தைய மாடலான தெராக்-20-இலும் இதே புரோகிராம் பிழை இருந்தது. ஆனால் கம்ப்யூட்டரை நம்பாத தனி மின் தடுப்பும் இருந்ததால் ஃபியூஸ்தான் போனது. புது மாடலில் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டார்கள்! 1983-இல் செய்த பாதுகாப்பு ஆய்விலும் புரோகிராம் பிழையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது? 2006-இல் வந்த ஐ.இ.சி. 62304 என்ற சர்வதேச விதி, ‘இந்தப் புரோகிராம் தவறினால் உயிர் போகுமா?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. போகும் என்றால், ஒவ்வொரு பகுதியும் எப்படி எழுதப்பட்டது, யார் சரிபார்த்தார்கள் என்று எழுத்தில் காட்ட வேண்டும். நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் மருத்துவ சாஃப்ட்வேரும் சட்டப்படி ‘மருத்துவ சாதனம்’தான். கதிர்வீச்சு மெஷின் என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் வேண்டும். சுவரில் மாட்டிய சர்டிபிகேட்டைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே மெஷினின் அளவை அளந்து பார்க்கும் மருத்துவ இயற்பியலாளர்தான். ‘‘இன்னிக்கு அளவு பார்த்தாச்சா சார்?’’ என்று தாராளமாகக் கேட்கலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: ‘‘உள்ளே இருந்து கூப்பிட்டா உங்களுக்குக் கேட்குமா?’’ சாதாரணமாகக் கதிர் படும்போது எரிச்சலோ ஷாக்கோ தெரியாது. தெரிந்தால் உடனே குரல் கொடுக்க வேண்டும். டைலரில் அந்த நோயாளி ஷாக் அடித்தது போல் துடித்து எழப் பார்த்தார். அன்றைக்கு அந்த அறையில் மைக் ரிப்பேர், கேமராவின் இணைப்பும் கழன்றிருந்தது. வெளியே இருந்த ஆபரேட்டர், மெஷின் தானாக நின்றுவிட்டது என்று நினைத்து பட்டனை மறுபடி அழுத்தினார்.