ரப்பரா, பாலியூரித்தேனா? சஸ்பென்ஷன் புஷ்ஷை மாத்தறதுக்கு முன்னாடி

டயர் பத்தின எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க: "வண்டி இன்னும் ஷார்ப்பா திரும்பணும், பாலி புஷ் போடலாமா?"

பதிலுக்கு முன்னாடி, நான் பண்ண ஒரு வேலையைச் சொல்லிடறேன். என்கிட்ட ஒரு பழைய டர்போ ஹாட்ச்பேக் இருக்கு. 80,000 கிலோமீட்டர் ஓடின வண்டி. பிரேக் அடிச்சா லேசா ஒரு பக்கம் இழுக்கும். ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினா முன்னாடி 'டொக்'னு சத்தம். மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தூக்கிப் பார்த்துட்டு, "லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சு தம்பி"ன்னார். ரப்பர் புஷ் வேண்டாம், ரேஸ் கார்ல போடற பாலியூரித்தேன்தான் வேணும்னு நான் அடம்பிடிச்சேன். இருக்கறதுலயே கெட்டியானதைத் தேடி வாங்கிப் போட்டேன்.

முதல் நாள் சொர்க்கம். ஸ்டீயரிங்கைத் தொட்டாலே வண்டி திரும்புது. ரெண்டாவது வாரம் அம்மாவை முன் சீட்ல உட்கார வச்சு தாம்பரம் வரைக்கும் போனேன். "ரோட்ல கிடக்கற ஒவ்வொரு கல்லும் என் முதுகுல தெரியுதுடா"ன்னாங்க. மழைக்காலம் முடியறதுக்குள்ள, எண்ணெய் போடாத கதவு மாதிரி 'கிறீச்'னு ஒரு சத்தமும் சேர்ந்துகிச்சு.

நான் எங்க தப்பு பண்ணேன்னு புரியணும்னா, அந்த சின்ன உருளை உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கணும்.

புஷ் உள்ள என்ன நடக்குது?

சக்கரம் மேலயும் கீழயும் ஆடணும்னா, அதைப் பிடிச்சிருக்கற ஆர்ம் பாடியோட சேர்ற இடத்துல ஒரு மூட்டு வேணும். அந்த மூட்டுதான் புஷ். ரப்பர் புஷ்ல வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவுல ரெண்டோடயும் ஒட்டின ரப்பர். போல்ட்டை இறுக்கினதும் உள் குழாய் அசையாது. ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கிட்டு, மறுபடி பழைய நிலைக்கு வருது. எதுவும் எது மேலயும் உரசறதில்ல. அதனால கிரீஸும் வேண்டாம், சத்தமும் வராது.

இதுல ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. ரப்பர் புஷ் போட்டா, சக்கரம் தரையில நிக்கற உயரத்துல வச்சுத்தான் போல்ட்டைக் கடைசியா இறுக்கணும். லிஃப்ட்ல சக்கரம் தொங்கும்போதே இறுக்கிட்டா, வண்டியை இறக்கின நிமிஷத்துல இருந்து ரப்பர் முறுக்கின நிலையிலயே இருக்கும். புது புஷ்ஷா இருந்தாலும் சீக்கிரம் கிழிஞ்சுடும்.

பாலியூரித்தேன் புஷ் வேற மாதிரி. அது இரும்போட ஒட்டி இருக்காது. நடுவுல இருக்கற குழாய் மேல வழுக்கிச் சுத்தும். அதனாலதான் கிட்டோட கிரீஸ் தர்றாங்க. அந்த கிரீஸ் காய்ஞ்சாலோ, மழைத் தண்ணியில கழுவிப் போனாலோ 'கிறீச்' ஆரம்பிக்கும். கையில கிடைக்கற கிரீஸைத் தடவாம, கிட் தயாரிச்சவங்க சொல்ற கிரீஸையே போடுங்க.

கடினத்தை ஷோர் ஏ அளவுல சொல்வாங்க. சாலைக்கான பாலி புஷ் பொதுவா 70, 80 பக்கம் இருக்கும். ரேஸுக்கானது 95 வரைக்கும் போகும். கெட்டியா இருந்தா என்ன லாபம்? பிரேக் அடிக்கும்போதும் வளைவுல போகும்போதும் புஷ் கம்மியா நசுங்கும். வீல் அலைன்மென்ட் கடையில செட் பண்ண கோணம், ஓட்டும்போதும் பெருசா மாறாது. பாலி புஷ்ஷோட உண்மையான பலன் இதுதான்.

நெகிழ்வு எப்பவுமே குறை இல்ல

பழைய லோயர் ஆர்ம் புஷ்ஷைக் கையில எடுத்துப் பாருங்க. பல வண்டிகள்ல ரப்பர் நடுவுல ஓட்டைகள் இருக்கும். காசு மிச்சம் பிடிக்க வச்சது இல்ல அது. பள்ளத்துல விழும்போது சக்கரம் கொஞ்சம் பின்னாடி போய் அடியை வாங்கிக்கணும். வளைவுல பக்கவாட்டுல அசையக் கூடாது. ஒரே புஷ் ஒரு திசையில மெத்துன்னும் இன்னொரு திசையில விறைப்பாவும் இருக்கறதுக்குத்தான் அந்த ஓட்டைகள். அந்த இடத்துல ஓட்டையே இல்லாத கெட்டி பாலியைப் போட்டா, எல்லாத் திசையிலயும் விறைப்பு. அம்மா முதுகுல தெரிஞ்ச கல் அதுதான்.

இந்த நெகிழ்வையே கருவியாப் பயன்படுத்தின காரும் உண்டு. 1977ல வந்த போர்ஷ 928ல, வளைவுல திடீர்னு ஆக்சிலரேட்டரை விட்டா பின் சக்கரங்கள் லேசா உள்பக்கம் திரும்பற மாதிரி சஸ்பென்ஷனை அமைச்சாங்க. வண்டி சுத்திக்காம இருக்கறதுக்காக. வைசாக் ஆக்ஸில்னு அதுக்குப் பேர்.

ஒரே புஷ், ரெண்டு முடிவு

கெட்டியான புஷ் எங்க ஆபத்துன்னு புரிய, பிஎம்டபிள்யூ ஈ46 எம்3 நல்ல உதாரணம். 3.2 லிட்டர், 343 குதிரைத்திறன், பின் சக்கர டிரைவ். இதுல பின் சக்கரத்தோட ட்ரெய்லிங் ஆர்ம், முன்பக்கம் ஒரே ஒரு புஷ்ல பாடியோட சேருது. பின்பக்கம் மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு குறுக்கு ஆர்ம்கள். சக்கரம் மேல ஏறும்போது குறுக்கு ஆர்ம்கள் அதை வளைஞ்ச பாதையில இழுக்கும். அதனால அந்த முன் புஷ் ஒரு அச்சுல சுத்தினா மட்டும் போதாது, பக்கவாட்டுலயும் முறுக்கிக் கொடுக்கணும்.

அங்க கெட்டி பாலியைப் போட்டா, அது முறுக்க மறுக்கும். சஸ்பென்ஷன் சுதந்திரமா அசையாம இறுகிப் பிடிக்கும். நீங்க போடாத ஒரு ஸ்பிரிங் பின்னாடி வேலை செய்யற மாதிரி. பிடிமானத்தோட எல்லையில ஓட்டும்போது, பின்பக்கம் எதிர்பாராம நழுவறதுக்கு இது ஒரு காரணம் ஆகலாம். அதனாலதான் அந்த இடத்துல பலர் ரப்பரையே வச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் லிமிட்டர் வாஷர் போடறாங்க. டிராக்குக்கு மட்டும் ஓடற வண்டின்னா உருண்டை பேரிங் போடறாங்க.

இதுக்கு நேர்மாறா மாஸ்டா எம்எக்ஸ்-5. அதோட முதல் ரெண்டு தலைமுறைகள்ல நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன். ஒரு ஆர்மோட ரெண்டு உள் புஷ்ஷும் ஏறக்குறைய ஒரே அச்சுல, கதவுக் கீல் மாதிரி சுத்தும். வழுக்கிச் சுத்தற பாலிக்கு ஏத்த இடம். ஒரே பொருள், ஒரு காருக்கு மருந்து, இன்னொண்ணுக்கு விஷம்.

என்னோட உண்மையான தப்பு

புஷ் போட்ட நாளைக்கு வண்டி ஷார்ப் ஆனது பாலியாலதான்னு நினைச்சேன். ஆனா நான் ஒப்பிட்டது புது பாலியையும், கிழிஞ்சு செத்துப்போன ரப்பரையும். நம்ம வேலையில சொல்ற மாதிரின்னா, ஒரே ரிலீஸ்ல ரெண்டு மாற்றத்தைத் தள்ளிட்டு, எதனால வேகம் கூடிச்சுன்னு தீர்ப்பு சொன்ன மாதிரி. புது ரப்பர் போட்டிருந்தாலே அந்த இழுப்பும் 'டொக்'கும் போயிருக்கும்.

அதனால என் பரிந்துரை இதுதான். முதல்ல வண்டியைத் தூக்கி, எந்த புஷ் கிழிஞ்சிருக்குன்னு பாருங்க. தினசரி ஓட்டற வண்டின்னா அதை நல்ல ரப்பரால மாத்தி, அலைன்மென்ட் செட் பண்ணி, ஒரு மாசம் ஓட்டுங்க. அப்பவும் போதலைன்னா ஸ்டெபிலைசர் பார் புஷ்ல இருந்து பாலியை ஆரம்பிங்க. செலவு கம்மி, சொகுசு பெருசா கெடாது. ஆர்ம் புஷ்ஷுக்குப் போறதுக்கு முன்னாடி அது எத்தனை திசையில அசையுதுன்னு கேளுங்க. ஒரே அச்சுன்னா பாலி, பல திசைன்னா ரப்பர். ஒவ்வொரு தடவை மாத்தின பிறகும் அலைன்மென்ட் கட்டாயம்.

என் வண்டியில இப்போ லோயர் ஆர்ம்ல புது ரப்பர், ஸ்டெபிலைசர் பார்ல பாலி. ரெண்டு தடவை கூலி கொடுத்துக் கத்துக்கிட்ட பாடம். போன ஞாயித்துக்கிழமை அம்மா தாம்பரம் போற வழியில தூங்கிட்டாங்க.

உங்க வண்டியில எந்த புஷ் மாத்தினீங்க, என்ன ஆச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.