நடுகல் வழிபாடும் பயன்வழிக் கொள்கையும்

சேர்வராயன் மலையடியில் வாணியாறு பாயும் பாப்பிரெட்டிப்பட்டி வட்டமும், அதனையடுத்து அரூர், செங்கம் வரை பரந்த நிலமும் நடுகற்களாற் பெயர்பெற்றவை. இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' 1972-இல் வெளிவந்தது. அதன்பின் இக்கற்களைப் பற்றிய ஆராய்ச்சி எழுத்தியல், அரசர் வரலாறு, ஆநிரைப் பூசல் என்னும் துறைகளிற் பெரிதும் வளர்ந்தது. ஆயினும் அவை வழிபடு பொருள்களும் ஆம். அவ்வழிபாடு சமய மெய்யியலில் எழுப்பும் வினா ஒன்றனை ஈண்டு ஆராய்வாம்.

இந்நாட்டின் ஊர்ப்புறங்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகல் பலவற்றை மக்கள் வேடியப்பன் எனப் பெயரிட்டு இன்றும் வணங்குகின்றனர். பொங்கலிட்டு நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். கல்லில் வட்டெழுத்தாற் பொறிக்கப்பெற்றிருப்பதோ தனியொரு வீரனின் செய்தி: இன்ன அரசனது இன்ன ஆட்சியாண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், ஆநிரை மீட்டுப் பட்டான் என்பது. வணங்குவோருள் அவ்வெழுத்தைப் படிக்க வல்லார் மிக அரியர். பெயர் மறைந்தது, வழிபாடு மறைந்திலது. வேண்டுவன கைகூடும் என்னும் நம்பிக்கையே அதனைத் தாங்கி நிற்கின்றது.

இந்நிலையை விளக்குதற்கு, பிராக்மாட்டிசம் என வழங்கும் மேனாட்டுப் பயன்வழிக் கொள்கை மிகப் பொருந்துவதுபோலத் தோன்றும். ஒரு கருத்தின் பொருளாவது அது நடைமுறையில் விளைக்கத்தகும் பயன்களே என்று அமெரிக்க அறிஞர் பியர்சு 1878-இல் எழுதினார். வில்லியம் ஜேம்சு அதனை விரித்து, வாய்மைக்கும் அதுவே அளவுகோல் என 1907-இல் நிறுவ முயன்றார். அதற்கு முன்னரே, 1902-இல் வெளிவந்த சமய அனுபவங்கள் பற்றிய நூலில், சமயத்தை அதன் வேரால் அன்று, கனியால் அளக்க வேண்டும் என்றவர் அவர். தன்னாலேயே தான் உளதாதல் போன்ற இறையிலக்கணங்கள் வாழ்க்கையில் வேறுபாடொன்றும் விளைப்பன அல்ல ஆகலின், அவற்றை ஒதுக்கிவிடலாம் என்றும் கூறினார். ஜேம்சு கருதிய பயன் பொருட்பேறு மாத்திரமன்று. உள்ளத்தின் அமைதியும் ஒழுக்கத்தின் உயர்வும் அதனுள் அடங்கும். அவரை வணிகக் கணக்கர்போற் காட்டி எள்ளும் வழக்கம் முறையன்று.

சங்கச் சான்றுகளுட் சில இக்கொள்கைக்குத் துணையாகும். புறநானூற்று 306-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் காட்டும் மறக்குடிப்பெண், நாடோறும் நடுகல்லைத் தொழுது, தனக்கு விருந்தினரும் தன் கணவனுக்கு விழுமிய போரும் வாய்க்க வேண்டுகிறாள். கல்லுள் உறைவது யாதென அவள் ஆராய்ந்திலள்.

எனின், தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்துபட்டபோது ஒளவையார் பாடிய 232-ஆம் பாட்டு வேறொரு திசையிற் செல்கின்றது. மலைநாடு முழுவதையும் தரினும் ஏலாத பெருமகன், தன் கல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் ஊற்றும் கள்ளை ஏற்பானோ என்பது அவர் வினா. கையறுநிலைச் செய்யுளில் மெய்ப்பொருளியல் தேடுதல் மிகையன்றோ எனின், அன்று. ஒளவையார் பயன் ஒன்றும் வேண்டினார் அல்லர். சடங்கின் பயனை மறுத்தாரும் அல்லர். படைப்பதனை ஏற்பான் உளனோ, உளனாயின் ஏற்கும் இயல்பினனோ என்பதே அவரை வருத்துவது. அவ்வினா வெறிதாயின் பாட்டின் துயரமும் வெறிதாம்.

இதனை உட்கொண்டு நோக்கின், மறக்குடிப்பெண்ணின் வேண்டுகோளும் கேட்பான் ஒருவனை முன்னிட்டதே என்பது போதரும். கேட்பான் உளன் எனத் துணிந்தார்க்கே வழிபாட்டின் பயன் உளதாகும். பயன் ஒன்றே உண்மை எனத் துணிந்தவர் அக்கல்லின்முன் கைகுவித்தல் அரிது. ஆகவே, பயன்வழிக் கொள்கை எதனை வீண் வினா என விலக்குகின்றதோ, அதன் விடையையே தனக்கு அடிநிலையாக் கொள்கின்றது என்பது எம் கருத்து. ஜேம்சும் தம் நூலின் முடிவில், மெய்யான விளைவுகளை உண்டாக்குதலின் கடவுள் மெய்ப்பொருள் என்றார். காரியங்கொண்டு காரணம் துணிதலாகிய இது, மெய்ப்பொருளியலுக்குத் திரும்புதலே. அங்ஙனம் துணியினும், காரணம் ஒன்று உண்டு என்பது பெறப்படுமேயன்றி அது பட்ட வீரனே என்பது பெறப்படாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் இவ்விடைவெளியை நன்கறிந்தவர். சிவஞான சித்தியார் சுபக்கத்தில், எத்தெய்வத்தை வணங்கினும் அத்தெய்வமாய் நின்று அருள்பவன் சிவனே என்றார். பிற தெய்வங்கள் அவனாணையின் நிற்பன. வினை அறிவற்றதாகலின் தானே சென்று பயன் தராது என்றார். நடுகல்லுக்கு இதனைப் பொருத்தின், வேடியப்பன் முன் வைத்த வேண்டுகோள் வறிதே போவதில்லை. கல்லுக்குரியவன் யாவன் என்பது மறந்தொழியினும் ஏற்பான் ஒருவன் உளன். பயன்வழியாளர் விடுத்த இடத்தை இவ்விடை நிரப்புகின்றது என்பதில் ஐயமில்லை.

ஆயின் அது நிரப்புவது வேறொருவனைக் கொண்டு. ஒளவையார் தேடியது பயன் தருவானை அன்று, அதியமானை. கல்லில் வீரனுடைய பெயரையும் பெருமையையும் எழுதும் வழக்கினை அகநானூறு 67-ஆம் பாட்டுக் குறிக்கின்றது. தருமபுரிப் பகுதிக் கற்களும் அவ்வாறே பெயர் தாங்கி நிற்கின்றன. ஏற்பான் யாவனாயினும் அமையும் என அம்மக்கள் கருதியிருப்பின், உளி கொண்டு அப்பெயரைப் பொறித்திரார்.