பெயிண்டை உரிக்கும் முன்

லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் தென்கரை முனையில் ஒரு சிங்கம் நிற்கிறது. வுடிங்டன் என்ற சிற்பி 1837இல் செய்தது. பார்வைக்குக் கல்லாகத் தெரியும். உண்மையில் அது சூளையில் சுட்ட களிமண் கலவை. லாம்பெத்தில் எலினர் கோட் என்ற பெண்மணி 1769இல் தொடங்கிய பட்டறையின் வழி வந்ததால் அதற்குக் கோட் கல் என்று பெயர். முதலில் ஒரு பீர் ஆலையின் உச்சியில் நின்ற சிங்கம், 1949இல் ஆலை இடிக்கப்பட்ட பிறகு சில காலம் வாட்டர்லூ ரயில் நிலையத்தருகே நின்றது. ரயில்வேக்காரர்கள் அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். பின்னாளில் சிவப்பை நீக்கியபோது அடியில் இருந்த பரப்பு அநேகமாகப் பழுதே இல்லாமல் வெளிப்பட்டது.

சுட்ட மண் தாங்கிக்கொண்டது. மரம் அப்படித் தாங்காது. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் நம்மவர்கள் வாங்கிக் குடியேறும் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளின் கதவுகளில், ஏற்றி இறக்கும் ஜன்னல்களில், படிக்கட்டுக் கைப்பிடிகளில் நூறு ஆண்டுப் பெயிண்ட் அடுக்கடுக்காக இருக்கிறது. செதுக்கு வேலையெல்லாம் மழுங்கி, ஜன்னல் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறது. உரிக்க வேண்டியதுதான். ஆனால் கடையில் போய் "இருப்பதிலேயே பவரானது எது?" என்று கேட்டால் கதவே வீணாகலாம். மேலே இருப்பது என்ன பெயிண்ட், கீழே இருப்பது என்ன பொருள் என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் டப்பாவைத் தேர்ந்தெடுக்க முடியும்.

வெளியே தெரியாத ஒரு மூலையில் பஞ்சில் மெதிலேட்டட் ஸ்பிரிட்டை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். பூச்சு இளகினால் அது எமல்ஷனாக இருக்கலாம். பழைய மேசை, நாற்காலியின் பளபளப்பு கரைந்து ஒட்டினால் அது அநேகமாக அரக்குப் பாலிஷ். விக்டோரியா காலத்து இங்கிலாந்து இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக இறக்கிய அதே அரக்குதான். அதை எடுக்க ஸ்பிரிட்டும் பொறுமையும் போதும். வேறு ரசாயனமே வேண்டாம். எதற்கும் அசையாமல் கெட்டியாக நின்றால் எண்ணெய்ப் பெயிண்ட் என்று கொள்ளலாம்.

எண்ணெய்ப் பெயிண்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது கரைப்பான். அது பெயிண்ட் படலத்துக்குள் புகுந்து அதை வீங்கவைக்கிறது. வீங்கிய படலம் மரத்தின் பிடியை விட்டுச் சுருங்கி எழும்புகிறது. இதில் பல பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்தது டைகுளோரோமீத்தேன். மிகச் சிறிய மூலக்கூறு. ஆகவே மின்னல் வேகத்தில் உள்ளே புகும். 40 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் என்பதால் மேலே படலம் கட்டுவதற்காக மெழுகு சேர்த்து விற்றார்கள். சில நிமிடங்களில் பெயிண்ட் கொப்புளித்து எழும். அந்த வேகத்தை நினைத்து ஏங்கும் பெயிண்டர்கள் லண்டனில் இன்றும் உண்டு.

ஆனால் அதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. மூடிய அறையில் தாழ்வாகத் தேங்கி நிற்கும், மயக்கத்தைத் தரும், உடலுக்குள் போனபின் கார்பன் மோனாக்சைடாக மாறி ரத்தத்தின் ஆக்சிஜனைப் பறிக்கும். அமெரிக்காவில் குளியல் தொட்டிகளைப் புதுப்பிக்கும் தொழிலாளர்கள் பத்துப் பேருக்கு மேல், தொட்டிமேல் குனிந்து வேலை செய்தபடியே இதனால் இறந்திருக்கிறார்கள். 2011 டிசம்பருக்குப் பிறகு ஐரோப்பிய விதிப்படி இதைக் கொண்ட உரிப்பான்களைப் பொதுமக்களுக்கு விற்கக்கூடாது. பயிற்சிச் சான்று பெற்ற தொழிலாளர்களுக்கு மட்டும் பிரிட்டன் பின்னர் விலக்கு அளித்தது. பிரிட்டனின் வீட்டுக்கு வீடு தெரிந்த நைட்ரோமார்ஸ் உரிப்பானும் கலவையை மாற்றிக்கொண்டது. யாராவது பழைய டப்பா ஒன்றைக் கொடுத்து "இதுதான் அசல்" என்றால் வாங்காதீர்கள்.

இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பலவும் பென்சைல் ஆல்கஹால் போன்ற மெதுவான கரைப்பான்கள். பெரிய மூலக்கூறு, நிமிடங்களில் அல்ல, மணிக்கணக்கில் வேலை செய்யும். கெட்டியாகப் பூசி, உலராதபடி பிளாஸ்டிக் தாளால் மூடி, இரவெல்லாம் விட்டுவிட வேண்டும். குளிரில் இன்னும் மந்தமாகும் என்பதால் ஜனவரி மாதத்து லண்டனில் வாசற்கதவுக்கு இது சரிப்படாது. ஆனால் மரத்தின் நிறத்தை இது மாற்றுவதில்லை. ஓக், மஹோகனி போன்ற மரங்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டாவது வழி காரம். ஆளிவிதை எண்ணெய் உலர்ந்து கெட்டியானதுதான் பழைய பெயிண்டின் உடல். எரிசோடா அதைத் தொட்டால் சோப்பு காய்ச்சும் அண்டாவில் நடக்கும் அதே வினை நடக்கிறது: எண்ணெய் சோப்பாகிறது, பெயிண்ட் கூழாகிறது. 'பீல் அவே' போன்ற பசைகளின் காரவகை இப்படித்தான் வேலை செய்கிறது. தடிமனாக அப்பி, அதற்கென்ற தாளால் மூடி, ஒன்றிரண்டு நாள் கழித்து உரித்தால் பல அடுக்குகள் ஒரேயடியாக வரும். எண்ணெயில்லாத எமல்ஷனிடம் இது தோற்றுப்போகும். ஓக் மரத்தைக் கருக்கிவிடும். அலுமினியத்தை அரிக்கும். நம் ஊர்த் தேக்குக் கதவுகளையும் கருமையாக்கும் என்பதைக் காரைக்குடியில் பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்களும் மனதில் கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவி, வினிகர் போன்ற மென்அமிலத்தால் காரத்தைத் தணித்து, மரம் காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் தங்கிய உப்பு சில மாதங்களில் புதுப் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கதவைக் கழற்றிக் காரத் தொட்டியில் முக்கித் தரும் கடைகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். பழைய தச்சர்கள் மூட்டுகளுக்கு வைத்த விலங்குப் பசை அதில் கரைந்து கதவு தளர்ந்துபோகும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று காரீயம். அந்தக் காலத்து வெள்ளைப் பெயிண்டின் உயிரே ஈயக் கார்பனேட்தான். கிழக்கு லண்டனின் லைம்ஹவுஸ் ஆலைகளில் அதைத் தயாரித்த ஏழைப் பெண்கள் நஞ்சேறி நலிந்ததை 1860களின் இறுதியில் சார்ல்ஸ் டிக்கன்ஸ் நேரில் கண்டு எழுதினார். 1960கள் வரைக்கும் ஈயப் பெயிண்ட் பரவலாகப் புழங்கியது; 1992இல்தான் பொது விற்பனை முற்றாக நின்றது. பாதுகாக்க வேண்டியவை என்று அரசு பட்டியலிட்டவற்றில் உயர்தரத்தில் உள்ள சில பழம் கட்டடங்களுக்கு மட்டும் இன்றும் விலக்கு உண்டு. இத்தகைய பெயிண்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பரவும். ஹீட் கன்னின் சூடு எல்லை மீறினால் ஈயப்புகை எழும். தவழும் குழந்தைக்கு இது மூளையைப் பாதிக்கும் நஞ்சு. ஈரமான பசைக்குள் ஈயத்தைப் பிடித்துவைப்பதால்தான் இங்கே ரசாயன உரிப்பான் மற்ற முறைகளைவிட உயர்ந்து நிற்கிறது. உரித்த கழிவைச் சாதாரணக் குப்பையில் போடாமல், அபாயக் கழிவை எங்கே கொடுப்பது என்று உள்ளூர் கவுன்சிலிடம் கேளுங்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது: எல்லாவற்றையும் உரித்துத்தான் ஆக வேண்டுமா? தேவாலயங்களின் பழைய சாந்துப் பூச்சை மீட்பு என்ற பெயரில் சுரண்டித் தள்ளியதைக் கண்டு கொதித்த வில்லியம் மாரிஸ், 1877இல் லண்டனில் பழங்கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய கோபம் நியாயமானது. கெட்டியாக ஒட்டி நிற்கும் பெயிண்ட் மரத்துக்குக் கவசம். அடியில் இருக்கும் அடுக்குகள் அந்த வீட்டின் நிற வரலாறு. உரித்தாலும் ஒரு சிறு பகுதியைத் தொடாமல் விட்டுவைப்பது நல்லது. உங்கள் வீடு பட்டியலிடப்பட்ட கட்டடமாக இருந்தால் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்அனுமதி தேவைப்படலாம். பெறவேண்டிய அனுமதியைப் பெறாமல் வேலை செய்வது குற்றம்.

ஆகவே, 1970களுக்கு முந்தைய வீடு என்றால் முதல் செலவு உரிப்பானாக இருக்க வேண்டாம். ஈயத்தைக் கண்டுபிடிக்கும் சோதனைப் பெட்டி லண்டன் ஹார்ட்வேர் கடைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. அதை வாங்கிச் சோதித்து, முடிவு தெரியும்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைக்கு வெளியே வைத்திருங்கள்.