பழைய ஆம்னி ஸ்டார்ட் ஆகலையா? காயிலை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கோயம்பேட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் மயிலாப்பூர் மாட வீதிக்கு வந்து சேர வேண்டிய பழைய ஆம்னி. முந்தின ராத்திரி நல்ல மழை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. "காயில் போச்சு" என்கிறார் ஒருவர். "கார்ப்பரேட்டரைக் கழட்டணும்" என்கிறார் இன்னொருவர். இரண்டுக்கும் செலவு செய்த பிறகு, ஈரமான ஒரு மூடியைத் துடைத்ததும் வண்டி கிளம்புவதும் உண்டு.

எதை மாற்றுவது என்பதைவிட, எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் இங்கே பணத்தை மிச்சப்படுத்தும்.

லாரிக்கு இந்தப் பிரச்சினை ஏன் இல்லை?

நம்ம ஊர் லாரிகள் பெரும்பாலும் டீசல். அழுத்தத்தால் சூடாகும் காற்றிலேயே டீசல் பற்றிக்கொள்ளும், ஸ்பார்க் ப்ளக் தேவையில்லை. பெட்ரோல் வண்டிக்குத் தீப்பொறி வேண்டும். 1984-ல் மாருதி வேனாக அறிமுகமாகி 2019-ல் உற்பத்தி நின்ற ஆம்னிக்கு 796 சி.சி., 3 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். அதனால் ப்ளக்கும் மூன்று.

தீப்பொறி எப்படி வருகிறது?

பேட்டரி தருவது 12 வோல்ட். இக்னிஷன் காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர், அந்த மின்சாரத்தை ப்ளக் ஒயர் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்து அனுப்புகிறது. பழைய மாடல்களில் பாயிண்ட் திறந்து மூடும்போதுதான் காயில் வேலை செய்யும். அந்தப் பாயிண்ட் கருகாமல் காப்பது கண்டன்சர்.

எந்த வரிசையில் பார்க்கணும்?

1. ப்ளக்: முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது தீப்பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது, ப்ளக்கை மாற்றினால் மட்டும் தீராது. புது ப்ளக்கின் இடைவெளியையும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். முதலில் கையாலேயே திருகுங்கள். மரை கோணலாக ஏறினால் அலுமினிய ஹெட்டுக்கே செலவு.

2. ப்ளக் ஒயர்: இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். ஒயர்மேல் நீலப் பொறி தெரிந்தால் மின்சாரம் கசிகிறது. கழற்றும் முன் எந்த ஒயர் எங்கே என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்குங்க. இடம் மாறினால் வண்டி ஓடாது.

3. கேப், ரோட்டர்: மழைக்காலத்தில் அதிகம் மாட்டுவது இதுதான். உள்ளே ஈரம் இருந்தால் துடைத்தால் போதும். மயிரிழை விரிசலோ கருப்புக் கோடோ தெரிந்தால் மாற்றணும்.

4. பாயிண்ட், கண்டன்சர்: சேர்த்தே மாற்றுவது நல்லது. மாற்றிய பின் டைமிங் செக் பண்ணாமல் விடாதீர்கள்.

5. காயில்: கடைசியாகத்தான். சூடானதும் நின்று, ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆகிற வண்டியில் இதைச் சந்தேகிக்கலாம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

'மிஸ்ஸிங்' அடிக்கும்போது எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது. மைலேஜ் குறையும், புகைச் சோதனையில் சிக்கலாகும். சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால், அது சூட்டில் உருகிப்போகலாம். சில நூறு ரூபாயில் முடியவேண்டிய வேலை, பல ஆயிரத்துக்கு இழுத்துவிடும்.

எங்கே வாங்குவது?

அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு புது உதிரிபாகங்களுக்குப் பேர்போன இடம். பக்கத்தில் புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் கிடைக்கும். கதவு, கண்ணாடிக்கு அது சரி. ப்ளக், பாயிண்ட், கண்டன்சரைப் பழசாக வாங்குவது வீண். கழற்றிய பாகத்தைக் கையோடு எடுத்துப் போனால், மாடல் மாறி வாங்கி மறுபடி அலைய வேண்டியதில்லை.

கவனம்

பாகங்களைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்கள். ஆம்னியின் இன்ஜின் முன் சீட்டுக்குக் கீழே இருப்பதால், ஆறிய பிறகே சீட்டைத் தூக்கணும். இன்ஜின் ஓடும்போது ப்ளக் ஒயரைக் கையால் தொடவே கூடாது. பெட்ரோல் வாடை வந்தால் தீப்பொறி சோதனையே வேண்டாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.