விடுதியிலா, வீட்டிலா?

மாணவர்களே, 1955ஆம் ஆண்டில் காரமடையில் தோட்டத்து வேலை செய்துவந்த ஒருவருக்குக் காசநோய் கண்டதாக வைத்துக்கொள்வோம். நோயைக் கொல்லும் மருந்துகள் அப்போதே வந்துவிட்டன. ஆனால் அந்த மருந்தைப் பெற அவர் பெருந்துறைக்கோ தாம்பரத்துக்கோ சென்று, சானடோரியம் எனப்படும் காசநோய் விடுதியில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு ஆகிய மூன்றும் இல்லாமல் நோய் தீராது என்று உலகமே நம்பிய காலம் அது. அவர் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? படுக்கையும் எளிதில் கிடைக்காது. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தனர், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான்.

அந்த நம்பிக்கை சரிதானா என்று சோதித்துப் பார்க்க, 1956இல் சென்னையில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் முதலில் பொறுப்பேற்றார்.

நகரத்து ஏழை நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் விடுதிக்குச் சென்றனர். மற்றவர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டுக் காலம். யார் எங்கே என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் போன்ற முறைதான் முடிவு செய்தது. ஏன் தெரியுமா? மருத்துவரிடம் விட்டால், இரக்கப்பட்டு மிக மெலிந்தவர்களை விடுதிக்கு அனுப்பிவிடுவார். பிறகு ஒப்பிட்டு என்ன பயன்?

வீட்டில் இருப்பவர் மாத்திரையை உண்மையாகவே விழுங்கினாரா? கசக்கிறது என்று எறிந்திருக்கலாம் அல்லவா! அதனால் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குச் சென்று, சிறுநீரைச் சேகரித்துச் சோதித்தார்கள். உட்கொண்ட மருந்து அதில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1959இல் முடிவு வெளியாயிற்று. விடுதியில் இருந்தவர்கள் நன்றாக உண்டு எடை கூடியிருந்தார்கள். ஆனால் நோய் அடங்கியதில் பெரிய வேறுபாடு இல்லை. இரு பிரிவிலும் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் தேறினார்கள். குடும்பத்தாருக்கு நோய் தொற்றாதா என்ற அச்சம் எஞ்சியிருந்தது. அவர்களை ஐந்தாண்டுகள் கவனித்ததில், நோயாளி வீட்டில் இருந்ததால் கூடுதலாகப் பரவவில்லை என்று தெரிந்தது. நோய் கண்டறியப்படுவதற்கு முன்புதான் தொற்று மிகுதி. மருந்து தொடங்கியதும் அது விரைவாகக் குறைகிறது.

1962இல் வந்த தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை ஏற்றது. பல நாடுகளில் காசநோய் விடுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

சேத்துப்பட்டில் உள்ள அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. அப்படியானால் உணவுக்கு வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இந்த நிறுவனமும் பங்குகொண்டு ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியாயிற்று. நோயாளியின் வீட்டாருக்குச் சத்துணவு கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்திருந்தது.