பென்டிரைவ் ஏன் எழும்பவில்லை?

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையவழிக்கு மாறிய காலத்தில், நம்மில் பலரது வீடுகளுக்கு மடிக்கணினி வந்து சேர்ந்தது. பழைய வகை வன்தட்டு உள்ளவை இன்று திறப்பதற்கே பத்து நிமிடம் எடுக்கின்றன. கடையில் கொடுத்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். என் சாச்சியிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தக் கணினியிலோ மகளின் உயர்தரக் குறிப்புகளும், வெளிநாட்டில் இருக்கும் சாச்சா அனுப்பிய பல வருடப் படங்களும் இருந்தன. வேறு பிரதி கிடையாது. வன்தட்டை அப்படியே புதிய எஸ்.எஸ்.டி.க்குக் 'குளோன்' எடுப்போம் என்றேன்.

கோப்புகளை நகலெடுப்பது, கொப்பியிலுள்ள கட்டுரைகளை மட்டும் பார்த்தெழுதுவது போன்றது. குளோன் என்பது அட்டை, பொருளடக்கம், ஓரக்குறிப்பு எல்லாம் சேர்த்து முழுக் கொப்பியையும் அச்சொட்டாக இன்னொன்றாக்குவது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் கோப்புகளை ஓயாமல் மாற்றிக்கொண்டிருக்கும். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தைப் போட்டோ பிரதி எடுப்பது எப்படி? ஆகவே விண்டோஸைத் தூங்கவிட்டு, பென்டிரைவிலிருந்து வேறொரு சிறிய பணிசெயல் முறைமையை எழுப்புகிறோம். நான் பாவிப்பது தாய்வானில் உருவான குளோன்சில்லா என்ற இலவச மென்பொருள். வன்தட்டு 'கட கட' என்று சத்தம் போட்டால் மாத்திரம் இதற்கு முன் முக்கியமான படங்களை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்தத் தட்டு எந்த நேரமும் நின்றுவிடலாம்.

பென்டிரைவ் எழும்பாவிட்டால் உடனே அதைக் குறை சொல்லக் கூடாது. எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கணினியைத் திறக்கும்போது எச்.பி.யில் எப் 9, டெல், லெனோவாவில் எப் 12 விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல் வரும். அதில் பென்டிரைவின் பெயரே இல்லையென்றால், பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. கோப்பை வெறுமனே இழுத்துப் பென்டிரைவில் போட்டிருப்பார்கள். ஐ.எஸ்.ஓ. என்பது கட்டிய பொதி. ரூபஸ் போன்ற ஒரு மென்பொருள் அதை அவிழ்த்து, தொடக்கப் பகுதியையும் சேர்த்து எழுத வேண்டும். அப்படி எழுதும்போது பென்டிரைவில் முன்பிருந்த அனைத்தும் அழியும். பரீட்சை வினாத்தாள் வைத்திருக்கும் பென்டிரைவைத் தொடாதீர்கள். பட்டியலே வராமல் நேரே விண்டோஸ் திறந்தால், ஷிப்ட் விசையை அழுத்தியபடி 'ஷட் டவுன்' கொடுங்கள். விண்டோஸ் சாதாரணமாக அரைத்தூக்கத்தில்தான் அணைகிறது. ஷிப்ட் அதை முழுதாக அணைக்கும். குளோன் எடுக்கவும் இந்த முழு அணைப்பு தேவை.

பெயர் இருக்கிறது, தெரிவு செய்தால் கறுப்புத் திரை வருகிறது. இது இரண்டாவது கட்டம். பழைய கணினிகள் பயோஸ் முறையிலும் புதியவை யூ.ஈ.எப்.ஐ. முறையிலும் தொடங்குகின்றன. ரூபஸில் ஒன்றுக்காக எழுதிய பென்டிரைவ் மற்றதில் எழும்பாமல் போகலாம். பாதுகாப்பு மீறல் என்று ஆங்கிலத்தில் செய்தி வந்தால் 'செக்கியூர் பூட்' தடுக்கிறது. அதைத் தற்காலிகமாக நிறுத்தலாம். ஆனால் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது: 'பிட்லொக்கர்' பூட்டு இருக்கும் கணினியில் இதை மாற்றினால், விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பது நமக்கே எட்டாது. சாவியைத் தேடித் தாளில் எழுதிய பின்பே அமைப்பைத் தொடுங்கள்.

இவ்வளவும் சரி, எழுதி முடித்த பென்டிரைவ் பாதியில் பிழை காட்டுகிறதா? பதிவிறக்கம் குறைவாக வந்திருக்கலாம். ரூபஸில் கோப்புத் தெரிவுக்குப் பக்கத்திலுள்ள சரி அடையாளத்தை அழுத்தினால் சில நீண்ட குறியீடுகள் வரும். அவற்றுள் 'ஷா 256' என்பதை, பதிவிறக்கிய தளம் தரும் குறியீட்டோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் மீண்டும் இறக்க வேண்டும். நடைபாதைக் கடையில் மலிவாக வாங்கிய '128 ஜீ.பீ.' பென்டிரைவின் உள்ளே உண்மையில் அந்த அளவு இல்லாமலும் இருக்கலாம். பழுதான பகுதிகளைச் சோதிக்கும் தெரிவு ரூபஸிலேயே உண்டு. போலியை அது காட்டிக்கொடுக்கும்.

குளோன்சில்லா திறந்த பின்னும் வேலையை மறுப்பதற்கு ஒரு காரணம் அளவு. 500 ஜீ.பீ. வன்தட்டிலிருந்து 480 ஜீ.பீ. எஸ்.எஸ்.டி.க்கு அது வழமையாகச் சம்மதிக்காது, உள்ளே 100 ஜீ.பீ. மட்டுமே நிரம்பியிருந்தாலும் சரி. ஆகவே வாங்கும்போதே சமமானதை அல்லது பெரியதை வாங்குங்கள்.

கடைசியாக அது மூலம் எது, இலக்கு எது என்று கேட்கும். திரையில் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்ற பெயர்கள்தாம் தெரியும். மாற்றிக் கொடுத்தால் வெற்றுத் தட்டு படங்களின் மேல் பிரதியாகிவிடும். திரும்பப் பெற வழியில்லை. சாச்சியின் கணினியில் இரு தட்டுகளின் தயாரிப்பு இலக்கங்களையும் முன்பே தாளில் எழுதி, அவரையே உரக்க வாசிக்கச் செய்து, திரையோடு ஒப்பிட்ட பிறகுதான் சம்மதம் கொடுத்தேன்.

முடிந்ததும் இரண்டு தட்டுகளையும் ஒன்றாகப் பொருத்தித் திறக்காதீர்கள். இரண்டுக்கும் அடையாள இலக்கம் ஒன்றே என்பதால் விண்டோஸ் குழம்பும். பழையதைக் கழற்றி, திகதி எழுதி ஒட்டி, ஒரு மாதமாவது அழிக்காமல் அலுமாரியில் வையுங்கள்.